மணிக்கு முன் மூடிய கேட்

ரயில் கடவைக் காவலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னை மறித்து, "ஐயா, உங்கட அனுபவத்த நாலு வரி எழுதித் தாங்களேன்" என்று நீங்கள் கேட்டீர்கள். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் அல்ல. எதை எழுதினால் உங்களுக்கு உபயோகமோ அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது வயது போய்விட்டது, வெட்கப்பட்டு என்ன காணப்போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

மணி, கொடி, விளக்கு, பூட்டு இவற்றைப் பற்றி இங்கே ஒரு வரியும் இராது. அதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது, அது நடந்துபோகிற மனிதன். வண்டி ஓட்டுகிறவன் கேட்டைப் பார்ப்பான், பார்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவன் வண்டியின் மூக்கு உடையும். நடந்துபோகிறவன் பார்ப்பது உங்கள் முகத்தை.

நான் சொல்லப்போவது வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்துக் கதை. இரண்டாம் உலக யுத்தம் இன்னும் வரவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றின் முடிவில் என் கேட் இருந்தது. எந்த ஒழுங்கை என்று கேட்காதீர்கள், அங்கே இன்றும் பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு தண்டவாளம். அதற்கு அப்பால் கொஞ்சம் மணல், மீன்பிடிக்காரர்களின் குடிசைகள், ஓலை வேய்ந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடம், பிறகு கடல். மணல் வண்டிக்கும் மீன் வண்டிக்குமாக இரண்டு பக்கமும் பெரிய மரக் கேட். நடந்துபோகிறவர்களுக்கு அதன் அருகிலேயே ஒரு சின்னப் படலை. பெரிய கேட்டுக்குப் பூட்டு உண்டு. படலைக்கு வெறும் கொளுக்கிதான். ஆகவே வண்டிக்காரனை நான் நிறுத்தலாம், நடக்கிறவனை நிறுத்த முடியாது, "தயவுசெய்து நில்" என்று கேட்கத்தான் முடியும்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை சொல்கிறேன், பிறகு சிரிக்க முடியாது.

அந்த ஒழுங்கையில் இரண்டு கனவான்கள் இருந்தார்கள். ஒருவர் பென்சன் எடுத்த கிளாக்கர், மற்றவர் கோட்டில் வழக்குப் பேசும் புரொக்டர். இருவரும் மாலையில் கடற்காற்று வாங்க வருவார்கள். ஒருநாள் படலையடியில் சந்தித்துக்கொண்டார்கள். "நீங்கள் முன்னாலை போங்கோ." "சீச்சீ, நீங்களல்லோ மூத்தவர், நீங்கள் போங்கோ." இப்படியே மரியாதை பரிமாறிப் பரிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இரண்டு பேரும் தண்டவாளத்துக்கு நடுவே வந்து நின்று, அங்கேயும் ஒருவருக்கொருவர் வழி விடுகிறார்கள்! தூரத்தில் வண்டி ஊதுகிறது. நான் என் காவல் கேபினிலிருந்து பாய்ந்து வந்து, "இரண்டு பேரும் போங்கோ, போய்த் துலையுங்கோ!" என்று கத்தினேன். அதன்பிறகு கிளாக்கர் என்னோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிரோடு பேசாமல் இருந்தார், அதுவே எனக்குப் போதும். மரியாதையை எல்லாம் தண்டவாளத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குள்ளே ஒரே மரியாதை, கெதியாகக் கடந்துபோவது.

சரி. இனி என் கதை.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வளவில் பதினொரு வீட்டுக்கு ஒரு பைப். விடிந்தால் பைப்படியில் சண்டை, பொழுதுபட்டால் கோயில் மணி, நடுவில் துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பதினொரு வீட்டுக்கும் வாசம். அந்த இரைச்சலில் நானும் என் மனைவியும் இரண்டரை வருஷம் குடும்பம் நடத்தினோம். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அந்த வளவில் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தத் தொடங்கினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ரயில்வேயில் போர்ட்டராக இருந்தவன், ஆள் வராத கேட் ஒன்று காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். உடனே கிடைத்தது. யாரும் விரும்பாத வேலை உடனே கிடைக்கும்.

வெள்ளவத்தைக்கு வந்து ஒரு மாதத்தில் எனக்குப் பேச்சு மறந்துவிடும் போலிருந்தது. பொய் சொல்லவில்லை. காலையில் முதன்முதலாக வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும், அப்போதுதான் நேற்று முழுநாளும் ஒருவரோடும் பேசவில்லை என்று தெரியும். ஆட்கள் இல்லாத இடம் அல்ல. காலையில் எத்தனை பேர் அந்த வழியால் போவார்கள்! ஆனால் கேட் திறந்திருந்தால் யார் நிற்பார்கள்? கேட்டைத் திறந்து வைத்திருப்பவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் என் கைக்கடிகாரம் முன்னால் ஓடிவிட்டது. முந்திய ஸ்டேஷனை விட்டு வண்டி புறப்பட்டதும் என் கேபினில் மணி அடிக்கும், அதன்பிறகுதான் கேட்டை மூடவேண்டும். மணிக்கும் வண்டிக்கும் நடுவே மூன்று நிமிஷம். அன்றைக்கு நான் கடிகாரத்தை நம்பி, மணிக்கு முன்னரே மூடிவிட்டேன். ஏழெட்டு நிமிஷம் வண்டி வரவில்லை. படலையடியில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சும்மா நின்றால் மனிதன் என்ன செய்வான்? கதைப்பான். "இண்டைக்கு மீன் பட்டிருக்கோ?" "மழை வரும் போல கிடக்கு." "அண்ணை, நீங்கள் எந்த ஊர்?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர் அந்த ஓலைப் பள்ளிக்கூடத்து ரீச்சர். யாழ்ப்பாணத்துப் பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கலியாணம் ஆகவில்லை. காலி வீதிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். நெசவு மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீன்பிடிக்காரர்களின் பிள்ளைகளுக்கும் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் சம்பளத்தில்தான் ஊரில் தாயும் ஒரு தம்பியும் இருந்தார்கள். கையில் எப்போதும் பிள்ளைகள் எழுதிய ஒரு கட்டுக் கொப்பியும் ஒரு கறுப்புக் குடையும் இருக்கும்.

"கொட்டாஞ்சேனை, ரீச்சர்" என்றேன்.

"அட, கொட்டாஞ்சேனையோ? பிறகேன் இந்த வெளியிலை வந்து தனியக் கிடக்கிறியள்?"

ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வண்டி வந்தது, போனது, எல்லாரும் கடந்துபோனார்கள். அன்று முழுக்க அந்தக் கேள்வியை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கடிகாரத்தைத் திருத்திவிட்டேன். ஆனாலும் மணிக்கு முன்னரே கேட்டை மூடினேன்.

ஓம், வேண்டுமென்றுதான். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். காலை எட்டு மணிக்குச் சற்று முன் கொழும்புக்குப் போகும் வண்டி ஒன்று இருந்தது. ரீச்சர் வருகிற நேரமும் அதுதான். ஒழுங்கை முனையில் அவர் தலை தெரிந்ததும் நான் கேட்டை மூடிவிடுவேன். மணி அடிப்பதற்கு இன்னும் ஐந்தாறு நிமிஷம் இருக்கும். அவர் வந்து படலையடியில் நிற்பார். நான் கேபின் வாசலில் நிற்பேன். அவர் பிள்ளைகளின் குறும்பைச் சொல்வார், நான் கொட்டாஞ்சேனைத் திருவிழாவைச் சொல்வேன். ஒருநாள் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். வண்டி போய்க் கேட் திறந்த பிறகும் அவர் உடனே நடக்கவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, நீங்களாக ஒன்றும் கூட்டிச் சேர்க்கவேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்துக்காக நான் காலையில் முகம் வழித்தேன், சேட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டேன்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது.

அந்தப் பக்கம் துணிமூட்டையோடு போகும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், வாயால் ஊரையே விற்றுவிடுவார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் ஒருநாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "என்ன தம்பி, எங்கயோ தூரத்துல பேருவளையில ரயில் பொறப்படக்குள்ளயே நீங்க இங்க கேட்ட சாத்துறீங்க? ஒங்கட கேட்ட நம்பினா எனக்கு ஏவாரம் நடந்த மாதிரித்தான்!" என்று சொல்லிப் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக் கேட்டு நான் அன்றைக்கே திருந்தியிருக்க வேண்டும்.

ஏனென்றால் ரீச்சருக்கு எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து மனேச்சர் கடுமையான மனிதர், வாசலிலேயே நின்று, பிந்தி வருகிறவர்களின் பெயரைச் சிவப்பு மையால் எழுதுவார். ரீச்சர் ஒருநாள் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "இந்த மாசம் மூண்டு தரம் சிவப்பு விழுந்திட்டுது அண்ணை. உங்கட ரயிலாலை வேலை போய் நான் வீட்டை போகவேண்டியதுதான்." என் ரயிலால் அல்ல, என்னால். நாளைக்கு மணி அடித்த பிறகே மூடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த நாள் அப்படியே செய்தேன். ரீச்சர், கேட் திறந்திருந்ததால், "காலமை வணக்கம் அண்ணை" என்று ஒரு சொல்லோடு கடந்துபோனார். அதற்கடுத்த நாள் பழையபடி முன்னரே மூடினேன்.

ஆனால் அவருக்குச் சிவப்பு மை விழவும் கூடாது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், மகா புத்திசாலி! கொஞ்சநேரம் நின்று கதைத்த பிறகு, அவர் ஒரு பார்வை பார்ப்பார். வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்தானே? நான் தலையாட்டுவேன். அவர் படலையைத் திறந்து கடந்துபோவார். சிவப்புக் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டே தலையாட்டினேன். முதலில் அவர் என் தலையாட்டலுக்குக் காத்திருந்தார். போகப்போக அதுவும் தேவைப்படவில்லை. மூடிய கேட் என்றால் இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று அவருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒழுங்கை முழுவதும் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது.

ஆனி மாதத்து மழை நாள் ஒன்று. கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தது. கடலோரத்திலிருந்து மணல் ஏற்றி வந்த மாட்டுவண்டியின் சக்கரச் சில்லு, தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவே இறங்கிச் சிக்கிவிட்டது. வண்டிக்காரன் சிங்களவன், பாவம், மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டு, "ஐயோ மாத்தயா, கொனா அதின்னே நே!" என்று அழுகிறான், மாடு இழுக்கமாட்டேன் என்கிறதாம். நான் சில்லுக்குத் தோள் கொடுத்தேன். தோள் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கேபினில் மணி அடித்தது. எப்படியோ தள்ளி, வண்டியை ஒழுங்கைப் பக்கம் ஏற்றி, அந்தப் பக்கக் கேட்டை மூடிவிட்டு, கடல் பக்கக் கேட்டை மூட ஓடினேன். நான் திருந்தப் பார்த்த அந்த ஒரு நாளை விட்டால், ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் காலை வண்டிக்கு என் கேட் முன்னதாக மூடப்படவில்லை. மணிக்குப் பின்னாலே மூடப்பட்டது.

கடல் பக்கக் கேட்டைப் பூட்டித் திரும்பினால், ஒழுங்கைப் பக்கப் படலையால் ரீச்சர் உள்ளே வருகிறார்.

கடற்காற்றுக்கு எதிரே குடையை முன்னால் சரித்துப் பிடித்திருந்தார். முகம் தெரியவில்லை, குடையும் சீலைக்கரையும்தான் தெரிந்தன. கேட் மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார். இன்னும் ஐந்து நிமிஷம் என்று நினைத்திருக்கிறார். கல்கிசைப் பக்கம் மழைக்குள்ளே எஞ்சினின் முகம் கறுப்பாகத் தெரிந்தது.

"ரீச்சர்!" என்று கத்தினேன்.

தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு காலையும் நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன், நின்று கதைப்பதற்கு. மரியாதை தெரிந்த மனிதர். கூப்பிட்டால் நின்று கேட்கிறவர். இரண்டாவது தண்டவாளத்துக்கு நடுவே நின்று, குடையை உயர்த்தி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணை? கேக்கேல்லை!"

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவர் கையைப் பிடித்து இழுத்ததும், இருவரும் கல்லில் விழுந்ததும், குடை எஞ்சினுக்குள் போன சத்தமும் நினைவிருக்கிறது. வண்டி பிரேக் அடித்துக் கிறீச்சிட்டு நூறு யார் தூரம் தள்ளிப் போய் நின்றது. உள்ளே இருந்த ஒரு கிழவர் விழுந்து மண்டை உடைந்து இரத்தம். ரீச்சருக்கு முழங்கால் கிழிந்திருந்தது. அவர் மழையில் உட்கார்ந்து, நனைந்த கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "பிள்ளையளின்ரை கொப்பி, பிள்ளையளின்ரை கொப்பி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்டவாளத்தில் நிற்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பெயரைக் கேட்டால் மனிதன் நிற்பான். கையைக் காட்டுங்கள், "ஓடு" என்று சொல்லுங்கள், கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.

விசாரணைக்கு ஒரு ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார். பறங்கிக்காரர், ஒல்லாந்தர் வழியில் வந்தவர். சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் பதில் சொன்னேன்.

"கேட் மூடியிருந்ததா?"

"மூடியிருந்தது, சேர்."

"மணி அடித்த பிறகுதானே மூடினாய்?"

"ஓம், சேர்." அன்றைக்கு அது உண்மைதான்.

"அந்தப் பெண்பிள்ளையிடமும் கேட்டேன். கேட் மூடித்தான் இருந்தது, பிழை தன்னுடையது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். பிறகென்ன? உன் உயிரைக் கொடுத்து இழுத்திருக்கிறாய். உனக்குப் பாராட்டுக் கடிதம் வரும்." என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பாருங்கள், ரீச்சர் என் தலையாட்டலைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றப்பட்டேன். பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு கேவலமான மனிதன் நான்.

நாலாம் நாள் நானா மூட்டையோடு வந்தார். அன்று பகிடி, சிரிப்பு ஒன்றும் இல்லை.

"தம்பி, விஷயம் தெரியுமா? ரீச்சர் மேல கேஸ் போடுறாங்களாம். பூட்டின கேட்டுக்குள்ள பூந்து ரயில நிப்பாட்டினதாம். மனேச்சர் ஸ்கூலுக்கு வரவாணாமெண்டுட்டாராம். கோட்டுக்கு ஏறின பொம்புள, புள்ளைகளுக்கு முன்னால நிக்கேலாதாம்."

"வேலை போயிடுமா நானா?"

"கேஸ்ல குத்தம் எண்டா போகும்தானே? எங்க போகும் அந்தப் புள்ள? ஊருக்குத்தான் போகணும்." மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். போகிற போக்கில் என்னைப் பார்க்காமலே சொன்னார். "எல்லாருக்கும் தெரியும் தம்பி, இந்த கேட் எப்ப மூடுற கேட் எண்டு. ஆனா எங்கட வாயால சொல்லி எடுபடுமா?"

அவர் போன பிறகு கேபினுக்குள் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது, மூடினேன், திறந்தேன். மறுபடி அடித்தது, மூடினேன், திறந்தேன். ஒருவரும் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் கொட்டாஞ்சேனைக்கு, அந்தத் தாழ்ந்த குரல்களுக்கு நடுவே போகவேண்டும். பயமாக இருந்தது. ஆனால் அந்த நனைந்த கொப்பிகள் கண்ணை விட்டுப் போகவில்லை. மாற்று ஆள் வந்த நாளில் சேட்டைப் போட்டுக்கொண்டு கொழும்புக் கோட்டைக்கு, இன்ஸ்பெக்டரின் கந்தோருக்குப் போனேன்.

"சேர், அன்றைக்குக் கேட் சரியான நேரத்தில்தான் மூடியது. மற்ற நாளெல்லாம் நான் மணிக்கு முன்னரே மூடினேன். ஒன்றரை வருஷமாக. மூடிவிட்டு, நேரம் இருக்கிறது போங்கள் என்று நானே தலையாட்டி அனுப்பினேன். அந்த ரீச்சருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நான். ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "குடிப்பாயா?"

"இல்லை, சேர்."

"கடிகாரம் பிழையா?"

"இல்லை."

"பிறகு ஏன் மூடினாய்? பைத்தியமா உனக்கு?"

எப்படிச் சொல்வது? சொன்னேன். "கேட் மூடினால்தான் சேர், ஆட்கள் நிற்பார்கள். நின்றால்தான் பேசுவார்கள்."

அவர் ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஒரு படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். கேட்காரனின் வழக்கமான தவறால் பொதுமக்கள் பிழையாக நம்பும்படி ஆயிற்று என்று எழுதி, வாசித்துக் காட்டினார். காரணம் என்று ஓர் இடம் இருந்தது. அதில் பேனாவை வைத்து, யோசித்து, ஒரு கோடு மட்டும் போட்டார். "இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

ரீச்சர் மேல் போட இருந்த வழக்கு போடப்படவில்லை. மனேச்சருக்கும் கடிதம் போயிற்று. எனக்குப் பாராட்டுக் கடிதத்துக்குப் பதிலாகக் கடைசி எச்சரிக்கை வந்தது, சம்பள உயர்வும் நின்றது. கேட்டை விட்டு எடுக்கவில்லை. அங்கே வர வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அதன்பிறகு நான் மணி அடித்ததும் மூடினேன். ஒரு நிமிஷம் முந்தவில்லை, பிந்தவில்லை. முதல் இரண்டு கிழமை படலையால் புகுந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு மறித்தேன். "இனிமேல் இந்த கேட் பொய் சொல்லாது, நில்லுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மெல்ல மெல்ல நின்றார்கள். மூன்று நிமிஷம், கண் தண்டவாளத்தில், காது வண்டியில். கதைக்க நேரமில்லை. வண்டி போனதும் கலைந்துவிடுவார்கள். கடவை அப்படித்தான் இருக்கவேண்டும். உங்களுக்கும் நான் சொல்வது அதுதான். எச்சரிக்கையை முன்கூட்டியே கொடுப்பது நல்லதுதானே என்று நினைப்பீர்கள். ஐந்து நாள் சும்மா காத்திருந்தவன் ஆறாம் நாள் காத்திருக்கமாட்டான். அவன் காலை நீங்கள்தான் தண்டவாளத்தில் வைக்கிறீர்கள்.

ரீச்சர் ஒரு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். புதுக் குடை. மாலையில் பள்ளி விட்டு வரும்போது கேட் திறந்திருந்தது. நேரே கேபினடிக்கு வந்து நின்றார்.

"மனேச்சர் கடிதத்தைக் காட்டினவர். காரணம் எண்ட இடத்திலை கோடு கிடந்தது. ஏன் அண்ணை மணிக்கு முன்னம் பூட்டினீங்கள்?"

இன்ஸ்பெக்டரிடம் சொல்வது சுலபம், இவரிடம் சொல்வது வேறு. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நீங்க நிக்கிறதுக்குத்தான், ரீச்சர். நிண்டா ரெண்டு வார்த்த கதைப்பீங்கதானே."

அவர் முகம் சிவந்தது. கோபமா, வேறு என்னவோ, நான் பார்க்கத் துணியவில்லை.

"ஒண்டரை வருஷமும் நான் ரயிலுக்கெண்டு நிண்டனான்" என்றார். பிறகு, "அதுக்கு ஏன் கேட்டைப் பூட்டவேணும்? ஒருநாள், ஒரே ஒரு நாள், நில்லுங்கோ எண்டு வாயாலை கேட்டிருந்தா நான் நிண்டிருப்பனே அண்ணை" என்றார். திரும்பி ஒழுங்கையில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை வந்தார். கேட் திறந்திருந்தது. வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கேபினுக்கு நேரே வந்ததும் நடையைக் குறைத்தார். கொப்பிக் கட்டை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியது ஒரு சொல். குனிந்து கொடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன், ஏற்கனவே சுற்றி வைத்திருந்த கொடியை. அவர் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பார்த்து, கடந்துபோனார்.

அப்படி நாலு நாள் நடையைக் குறைத்தார். ஐந்தாம் நாள் குறைக்கவில்லை.